ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட்

இக்கட்டுரை வானிலையியலாளர் பற்றியது. இவருடைய அண்ணனும் நிலவியலாளருமான வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்ட் பற்றியது தனிக் கட்டுரை.

ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்ட் (ஜூன் 3, 1834 – ஜனவரி 23, 1893) ஓர் ஆங்கிலேய நிலவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் இவரே. இமயமலையில் வசந்த காலத்தில் பெய்யும் பனியின் அளவுக்கும் அதற்குப் பின்வரும் தென்மேற்குப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்தை 1884இல் வெளியிட்டார். அதன் அடிப்படையில் பருவமழை பற்றிய நெடுங்கால முன்கணிப்புகளை இந்தியாவில் முதன்முதலாகத் தயாரித்தார். வானிலையியலுக்கு வருமுன் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, அரியலூர், நீலகிரிப் பகுதிகளின் பாறைகளை ஆராய்ந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

பிளான்ஃபோர்ட் இலண்டனில் பிறந்தார். 1851இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அரச சுரங்கவியல் பள்ளியில் நிலவியல் பயின்றார். அங்கு கல்வி உதவித்தொகை பெற்ற சிறந்த மாணவராக விளங்கினார். பின்னர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஃபிரைபெர்க் சுரங்கவியல் கல்விக்கழகத்தில் பயிற்சி பெற்றார். அண்ணன் வில்லியமும் இதே துறையில் பயின்றவர். இருவரும் 1855இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தனர். இருவரும் இந்தியாவிலேயே நெடுங்காலம் பணியாற்றியதால், ஒருவர் செய்த பணியை மற்றவர் செய்ததாகக் கூறும் குழப்பம் சில நூல்களில் காணப்படுகிறது.

தால்சேரில் பனியின் சுவடுகள்

சகோதரர்களுக்கு அளிக்கப்பட்ட முதல் பணி ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் படுகையை ஆராய்வதாகும். வில்லியம் தியோபால்டு என்பவரும் அவர்களுடன் பணியாற்றினார். நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே மிக நுண்ணிய களிமண் படிவமும் அதன் நடுவே பெரிய பெரிய உருண்டைக் கற்களும் கலந்து கிடப்பதை அவர்கள் கண்டனர். ஆற்று நீர் கற்களையும் மண்ணையும் அவற்றின் எடைக்கேற்பப் பிரித்துப் படியவைக்கும் இயல்புடையது. பாறாங்கல்லைப் புரட்டும் அளவுக்கு விரைந்து ஓடும் நீரில் நுண்ணிய களிமண் படியாது. இரண்டையும் ஒருசேரச் சுமந்து வந்து போடவல்லது பனிக்கட்டி. எனவே அப்பகுதி ஒரு காலத்தில் பனியால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என அவர்கள் 1856இல் முடிவு செய்தனர்.

கடும் வெப்பமுள்ள ஒரிசாவில் பனி இருந்தது என்னும் கருத்தைப் பலர் உடனே ஏற்கவில்லை. 1870களில் பிரான்சிஸ் ஃபெடன் என்ற நிலவியலாளர், மத்திய இந்தியாவின் சாந்தா பகுதியில் பனியாறு உராய்ந்து வழவழப்பாக்கிக் கீறிய பாறைப் பரப்பைக் கண்டறிந்த பின்னரே ஐயம் நீங்கியது. இப்படிவங்கள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என இன்று அறியப்படுகிறது. அக்காலத்தில் இந்திய நிலப்பகுதி தென்துருவத்துக்கு அண்மையில் இருந்தது.

தமிழகத்தில் ஆய்வுகள்

1857 முதல் பிளான்ஃபோர்ட் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் கிடைத்த கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் 1840களிலேயே அறிஞர் கவனத்தைப் பெற்றிருந்தன. எந்தப் பாறை அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்ற வரிசைமுறை மட்டும் தெளிவாகாமல் இருந்தது. பிளான்ஃபோர்ட் அப்பகுதியை அளந்து, பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பிரித்தார். கிரெட்டேசியக் காலத்தில் கடல் அப்பகுதிவரை உள்வந்து பின்வாங்கிய வரலாற்றை இவ்வடுக்குகள் காட்டுகின்றன. இப்பெயர்கள் இன்றும் நிலவியல் பாடநூல்களில் வழங்குகின்றன. அரியலூர் வட்டாரத்தில் சிமெண்டு ஆலைகளுக்கு வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் இந்தத் தொகுதிப் பாறைகளைச் சேர்ந்ததே.

அங்கு கிடைத்த தலைக்காலி உயிரினங்களுள் பெலம்னைட்டு, நாட்டிலசு வகைகளை அவரே விவரித்து 1861இல் வெளியிட்டார். மற்ற புதைபடிவங்களை ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா பின்னர் விரிவாக ஆராய்ந்தார். நீலகிரி மலையின் நில அமைப்பு பற்றியும் பிளான்ஃபோர்ட் ஓர் அறிக்கை எழுதியுள்ளார்.

வெயிலில் அலைந்து செய்ய வேண்டிய இப்பணியால் அவரது உடல்நலம் கெட்டது. 1862இல் நிலவியல் அளவைத் துறையிலிருந்து விலகி, கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியப் பள்ளி மாணவர்களுக்கென இயற்கைப் புவியியல் பாடநூல் ஒன்றையும் எழுதினார்.

வானிலையியலுக்கு மாறுதல்

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. ஊக்ளி ஆற்றில் கடல்நீர் உயர்ந்து புகுந்ததில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர். துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் பெரும்பாலும் சேதமுற்றன. அடுத்த மாதமே மற்றொரு புயல் மசூலிப்பட்டினத்தை அழித்தது. கல்கத்தாப் புயலின் போக்கை ஆராயும் பொறுப்பு கேஸ்ட்ரல் என்னும் படை அதிகாரியிடமும் பிளான்ஃபோர்டிடமும் ஒப்படைக்கப்பட்டது. கப்பல்களின் பதிவேடுகளையும் கரையோர நிலையங்களின் காற்றழுத்தக் குறிப்புகளையும் ஒப்பிட்டு அவர்கள் அறிக்கை தயாரித்தனர். பாறைகளை ஆராய்ந்து வந்தவர் காற்றை ஆராயத் தொடங்கியது இவ்வாறே.

1867இல் வங்காள அரசின் வானிலைச் செய்தியாளராக அவர் அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே வானிலையைப் பதிவு செய்தது. கருவிகள் வேறுபட்டன, பார்வையிடும் நேரங்களும் வேறுபட்டன. ஒரு மாகாணத்தின் எண்களை இன்னொரு மாகாணத்தின் எண்களோடு ஒப்பிட இயலவில்லை. 1866இல் ஒரிசாவைப் பெரும் பஞ்சம் தாக்கிய பின், நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1875இல் இந்திய அரசு வானிலை ஆய்வுத் துறையை நிறுவிப் பிளான்ஃபோர்டை அதன் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது.

அவர் முதலில் செய்தது அளவீடுகளை ஒழுங்குபடுத்தியதாகும். காற்றழுத்தமானிகள் கல்கத்தாவில் ஒரு பொதுக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டன. பார்வையாளர்களுக்கென ஒரு வழிகாட்டி நூலை எழுதினார். 1878இல் தந்தி வழியாகப் பெறப்பட்ட செய்திகளைக் கொண்டு அன்றாட வானிலை அறிக்கை வெளியிடும் முறை தொடங்கியது. லாகூரைச் சேர்ந்த ருச்சிராம் சாஹ்னி 1885இல் அவரது உதவியாளர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். இவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னியின் தந்தையாவார்.

தாது ஆண்டுப் பஞ்சம்

துறை தொடங்கிய மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. 1876இல் தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் மழை பொய்த்தது. 1877இல் வறட்சி வட இந்தியாவிலும் பரவியது. தமிழகத்தில் இது தாது ஆண்டுப் பஞ்சம் என நினைவுகூரப்படுகிறது. இந்தியா முழுவதும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் அதைத் தொடர்ந்த காலரா முதலிய நோய்களாலும் மாண்டனர். மதுரை மாவட்டமும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. வாடிப்பட்டி, மேலூர் வட்டாரச் சமவெளிகளில் அன்று வேளாண்மை வைகையின் நிலையற்ற நீரையும் கண்மாய்களையும் நம்பியிருந்தது. மழை பொய்த்தால் கண்மாயும் வற்றும்; வேறு நீர்வழி இல்லை.

மழையின்மை மட்டும் இத்தனை உயிரிழப்புக்குக் காரணமன்று. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. நிவாரண வேலைக்கு அளிக்கப்பட்ட கூலி உயிர் தாங்கப் போதவில்லை. எனினும் மழை பொய்க்கும் என்பதைச் சில மாதங்களுக்கு முன்னரே அறிய முடிந்தால் உணவுப் பொருள்களைச் சேமிக்கவும் நகர்த்தவும் காலம் கிடைக்கும் என அரசு கருதியது. அதற்கு வழி காணுமாறு பிளான்ஃபோர்டிடம் கோரப்பட்டது.

இமயமலைப் பனியும் பருவமழையும்

பிளான்ஃபோர்ட் வறட்சி ஆண்டுகளின் குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தார். 1877இல் மேற்கு இமயமலையில் வழக்கத்தைவிட மிகுதியாகவும் காலந்தாழ்ந்தும் பனி பெய்திருந்தது. அவ்வாண்டு கோடையில் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நீண்ட நாள் வீசியது. வேறு சில ஆண்டுகளிலும் இத்தகைய இணைவு இருப்பதை அவர் கண்டார். மலைப்பகுதிகளில் இருந்த அதிகாரிகளிடமிருந்து பனி பற்றிய செய்திகளைத் திரட்டினார். தம் முடிவுகளை 1884இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

அவரது விளக்கத்தின் சாரம் வருமாறு. கோடையில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. சூடான நிலத்தின் மேலுள்ள காற்று எழும்புவதால் அங்கு காற்றழுத்தம் குறைகிறது. ஈரம் நிறைந்த கடற்காற்று அதை நோக்கி வருகிறது. மலைமீது பனி மிகுதியாக இருந்தால் கதிரவனின் வெப்பத்தில் ஒரு பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடும். பனியின் மேலுள்ள காற்று குளிர்ந்து அடர்த்தி மிகுந்து, வறண்ட காற்றாகச் சமவெளியை நோக்கி இறங்கும். அது ஈரக்காற்றின் வருகையைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும்.

இதில் உள்ள வெப்பக் கணக்கு எளியது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசு வரை சூடாக்கவல்லது. மேலும் புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். உருகிய நீர் மண்ணை ஈரமாக்குவதால், பனி மறைந்த பின்னும் சில வாரங்கள் நிலம் சூடாவது தாமதமாகும்.

இக்கருத்தைக் கொண்டு 1882 முதல் 1885 வரை பரிசோதனை அளவில் முன்கணிப்புகள் தயாரிக்கப்பட்டன. அவை அளித்த ஊக்கத்தால் 1886 ஜூன் 4ஆம் நாள் இந்தியா, பர்மா முழுவதற்குமான முறையான பருவமழை முன்கணிப்பு முதன்முதலாக வெளியிடப்பட்டது.

காற்றழுத்த ஏற்றத்தாழ்வு

1877இல் இந்தியாவில் மட்டுமின்றி ஆசியாவின் பெரும்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் காற்றழுத்தம் இயல்புக்கு மேல் இருந்ததைப் பிளான்ஃபோர்ட் கவனித்தார். வேறு நாடுகளின் வானிலை நிலையங்களிலிருந்து குறிப்புகளைப் பெற்று ஒப்பிட்டார். இந்தியாவில் அழுத்தம் உயரும்போது ரஷ்யாவில் தாழ்கிறது என்றும், இது சூரியப் புள்ளிகளின் சுழற்சியோடு தொடர்புடையது என்றும் 1880இல் எழுதினார். சூரியப் புள்ளி பற்றிய பகுதி பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் தொலைதூர நாடுகளின் வானிலை ஒன்றோடொன்று பிணைந்தது என்ற நோக்கு நிலைத்தது. 1904 முதல் 1924 வரை துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் இவ்வழியில் சென்று, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கிடையேயான தெற்கத்திய அலைவைக் கண்டறிந்தார். 1877–78இல் பசிபிக்கில் மிக வலுவான எல் நீனோ நிகழ்ந்தது என்பதும், அவ்வறட்சியில் அதன் பங்கு பெரிது என்பதும் இன்று அறியப்படுகின்றன.

இழந்த நிலப்பாலம்

வானிலைப் பணிக்கு இடையிலும் பிளான்ஃபோர்ட் நிலவியலைக் கைவிடவில்லை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரே வகைத் தாவரப் புதைபடிவங்கள் கிடைப்பதைக் கொண்டு, இரண்டுக்கும் இடையே முன்பு ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என 1875இல் எழுதினார். அதனை இந்தோ-ஓசியானியா என அழைத்தார். எட்வர்டு சூயெஸ் 1885இல் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்ட பெருங்கண்டக் கருத்துக்கு இது ஒரு முன்னோடியாகும். இடையில் இருந்த நிலம் கடலில் மூழ்கவில்லை, கண்டங்களே விலகிச் சென்றன என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாகியது.

பிற்காலம்

பிளான்ஃபோர்ட் 1880இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வங்காள ஆசியக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். சிம்லாவில் வசித்தபோது அங்குள்ள பெரணிச் செடிகளைத் தொகுத்தார். 1889இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப் பின் ஜான் எலியட் துறையின் பொறுப்பை ஏற்றார். பிளான்ஃபோர்ட் 1893 ஜனவரி 23ஆம் நாள் ஃபோக்ஸ்டன் நகரில் தமது 58ஆம் வயதில் காலமானார்.

அவரது கருத்தின் இன்றைய நிலை

எலியட் காலத்தில் முன்கணிப்புகள் பலமுறை பொய்த்தன. எனினும் வாக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கணக்கீட்டு முறையில் மே மாத இறுதியில் இமயமலையில் எஞ்சியிருக்கும் பனியும் ஒரு காரணியாக இடம்பெற்றது. மொரீசியசு, தென் அமெரிக்கா ஆகியவற்றின் காற்றழுத்தமும் சான்சிபாரின் மழையும் மற்ற காரணிகள். பின்னர்ப் பனியின் தொடர்பு வலுவிழந்ததாகக் கருதப்பட்டு அதற்கு முதன்மை அளிக்கப்படவில்லை. செயற்கைக்கோள் படங்கள் கிடைத்தபின் நிலை மாறியது. 1976இல் ஹான், சுக்லா ஆகியோர் ஐரோப்பா-ஆசியா முழுவதிலுமுள்ள பனிப்பரப்பை அளந்து, அது மிகுந்த ஆண்டுகளில் இந்தியப் பருவமழை குறையும் போக்கைக் காட்டினர். இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே வலிமையுடன் இருப்பதில்லை. எல் நீனோ போன்ற பெருங்கடல் நிகழ்வுகள் அதனை மறைத்துவிடக்கூடும்.

பிளான்ஃபோர்ட் கண்ட பனியின் வெப்ப இயல்புகள், ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் நிலங்களைப் பற்றிய ஆய்விலும் முதன்மை பெற்றுள்ளன. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 பாகையிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் நிலைத்த உறைநிலம் எனப்படும். சைபீரியா, கனடா, அலாஸ்கா ஆகியவற்றில் இது பரந்துள்ளது. இந்தியாவில் லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளில் உண்டு. வட துருவத்தை அடுத்த பகுதிகளின் தென் எல்லையில் உறைநிலம் தொடர்ச்சியாக இராமல் திட்டுத்திட்டாக அமைகிறது. எந்த இடத்தில் அது இருக்கும் என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் முடிவு செய்வதில்லை. பனிப்போர்வையின் தடிமன், பாசியும் தாவரமும், மண்ணின் ஈரம், சரிவு நோக்கும் திசை, அருகிலுள்ள ஏரிகளும் ஆறுகளும் ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. வெயில் படாத வடக்குச் சரிவில் உறைநிலம் இருக்க, எதிரே உள்ள தெற்குச் சரிவில் இல்லாதிருக்கலாம்.

இங்கு பனி இருவிதமாகச் செயல்படுகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் தடிமனாகப் பெய்யும் பனி கம்பளிபோல் நிலத்தை மூடி, கோடையில் சேர்ந்த வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. அதனால் உறைநிலம் நலிகிறது. வசந்தத்தில் காலந்தாழ்ந்து நீடிக்கும் பனி ஒளியைத் திருப்பி, உருகுவதில் வெப்பத்தைச் செலவிட்டு, நிலம் சூடாவதைத் தாமதப்படுத்துகிறது. பிளான்ஃபோர்டின் பருவமழை விளக்கம் இந்த இரண்டாவது செயலைச் சார்ந்தது. புவி வெப்பமடையும் இக்காலத்தில் வட அரைக்கோளத்தின் வசந்த காலப் பனிப்பரப்பு குறைந்து வருகிறது. உறைநிலங்களும் வெப்பமடைந்து வருகின்றன. இமயமலைப் பனியைக் கொண்டு மழையைக் கணிக்க 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி, பனியின் அளவும் காலமும் மாறும்போது அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது.

தமிழகத்துக்குப் பொருந்துமா

பிளான்ஃபோர்டின் கணிப்பு முக்கியமாக வடமேற்கு, மேற்கு இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் மதுரைச் சமவெளிக்கு நேரடி மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆகவே அவரது கணிப்பு இப்பகுதியின் நேரடி மழைக்கு அவ்வளவாகப் பொருந்துவதன்று.

ஆனால் பாசனநீரைப் பொறுத்தவரை நிலைமை வேறு. தாது ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் வேகம் பெற்ற பெரியாறு அணைத் திட்டம் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895இல் நிறைவேறியது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழி கிழக்கே திருப்பப்பட்டு வைகையில் சேர்ந்தது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டி வட்டார வயல்களுக்கு நீர் தருகிறது. அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி தென்மேற்குப் பருவமழையிலும் நனைவது. இதனால் மதுரைச் சமவெளியின் நெல் வயல்கள், பிளான்ஃபோர்ட் முன்கூட்டி அறிய முயன்ற அதே பருவமழையை இன்று ஓரளவு சார்ந்துள்ளன.

முக்கிய எழுத்துக்கள்

• நீலகிரி மலையின் நிலவியல் அமைப்பு பற்றிய அறிக்கை
• தென்னிந்தியக் கிரெட்டேசியப் பாறைகளின் தலைக்காலிகள் (1861)
• தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரெட்டேசியப் பாறைகள் பற்றிய அறிக்கை
• கல்கத்தாப் புயல் பற்றிய அறிக்கை, கேஸ்ட்ரலுடன் இணைந்து (1866)
• வட இந்தியாவின் காற்றுகள் (1874)
• இந்திய வானிலையாளர் கையேடு
• இமயமலைப் பனிப்பொழிவுக்கும் இந்தியாவின் வறண்ட காற்று, வறட்சிப் பருவங்களுக்கும் உள்ள தொடர்பு (1884)
• இந்தியாவின் மழைப்பொழிவு
• இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் தட்பவெப்பமும் வானிலையும் (1889)